பிறர் பொருட்டு ஒரு குழந்தை

1961ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், அமெரிக்க நாட்டின் சியாட்டல் நகரப் பூங்கா ஒன்றில், இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்று ஓடி விளையாடுகையில் இடறி விழுந்தது. குழந்தைகள் விழுவதும் எழுவதும் இயல்பு. ஆயினும் அதன்பின் அக்குழந்தையின் கண்கள் ஒருசேர நோக்க இயலாமல் விலகின, நடை தடுமாறியது, பேச்சுக் குழறியது. மருத்துவர்கள் ஆராய்ந்து மூளைத்தண்டில் கட்டி ஒன்று வளர்ந்திருப்பதைக் கண்டனர். கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிறிது காலம் தேறிய குழந்தை, 1962 சனவரி 28ஆம் நாள், பெற்றோரின் திருமண நாளன்றே உயிர் நீத்தது. குழந்தையின் பெயர் கேரன். தந்தையின் பெயர் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்.

ஏழாண்டுகளுக்குப் பின் அத்தந்தை நிலவில் காலடி வைத்ததை உலகமே கண்டது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மறைந்தார். அந்த அரை நூற்றாண்டில் மருத்துவம் அடைந்த வளர்ச்சி சொல்லி மாளாது. ஆனால் 2012இல் அதே கட்டியுடன் ஒரு குழந்தை மருத்துவமனைக்கு வந்திருந்தால், அக்குழந்தைக்குத் தர முடிந்தது கேரனுக்குத் தரப்பட்டதைவிடப் பெரிதும் மேலானதன்று. கதிர்வீச்சு, அதனால் கிடைக்கும் சில மாதத் தெளிவு, பின்னர் முடிவு. பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைக் கடப்பதில்லை.

நிலவுக்குச் சென்ற மனிதனால் இது முடியவில்லையே என்று மேடையில் கேட்பது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இத்தேக்கத்திற்குக் காரணம் அறிவுக் குறையோ பணமுடையோ மட்டுமன்று. நல்ல மருத்துவர்கள் நல்ல நோக்கத்துடன் எடுத்த அறமுடிவு ஒன்றும் அதற்குக் காரணமாயிற்று. அம்முடிவு சரியா தவறா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டின் நடுவில் 'பான்ஸ்' எனப்படும் பகுதி உண்டு. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பாலம் என்று பொருள். கண்ணசைவு, முக அசைவு, விழுங்குதல், மூச்சு ஆகியவற்றுக்கான நரம்புகள் அச்சிறு பகுதியிலும் அதன் அண்மையிலும் நெருங்கிக் கிடக்கின்றன. அங்குத் தோன்றும் இக்கட்டி, மாங்காயின் கொட்டை போலத் தனியே பிரித்தெடுக்கக் கூடியதன்று. துணியில் சிந்திய மை இழைதோறும் ஊடுருவுவது போல், நல்ல திசுவோடு கலந்து பரவுவது. அறுவை மருத்துவர் அதனை வெட்டியெடுக்க முனைந்தால் உயிரையும் சேர்த்தே வெட்ட நேரும். ஐந்து வயது முதல் பத்து வயதுக்குள் உள்ள குழந்தைகளையே இது மிகுதியாகப் பற்றுகிறது. அமெரிக்கா போன்ற பெருநாட்டிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ முந்நூறு குழந்தைகள்தாம் இதற்கு ஆளாகின்றனர்.

1980களில் காந்த அதிர்வுப் படக்கருவி பரவலாயிற்று. மண்டையோட்டைத் திறவாமலே கட்டியின் வடிவைக் காண அது வழி செய்தது. அதன் பயனாய் 1993ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று ஒரு முடிவை வெளியிட்டது. படமே நோயைத் தெளிவாகக் காட்டுவதால், ஊசி செலுத்திக் கட்டியின் துணுக்கை எடுத்துப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். கூறப்பட்ட காரணம் மறுக்க முடியாதது. துணுக்கை எடுத்துப் பார்ப்பதால் சிகிச்சை மாறப் போவதில்லை. குழந்தை பிழைக்கப் போவதுமில்லை. அவ்வாறிருக்க, சாகப்போகும் குழந்தையின் மூளைத்தண்டில் ஊசியை ஏன் செலுத்த வேண்டும்? நோயாளிக்குத் தீங்கு செய்யாதே என்னும் பழைய மருத்துவ நெறிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

அம்முடிவின் விலை மெல்ல மெல்லவே தெரிந்தது. ஊசி செலுத்தாததால் ஆய்வுக்கூடங்களுக்குத் துணுக்கு வரவில்லை. துணுக்கு வராததால் கட்டியின் இயல்பு விளங்கவில்லை. பெரியவர்களின் மூளைக்கட்டிக்கென ஆக்கப்பட்ட மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பூட்டைப் பாராமலே சாவி செய்தவர்களின் நிலை அது. இன்றைய குழந்தையை வருத்தலாகாது என்ற இரக்கம், நாளைய குழந்தைக்குக் கதவை அடைத்துவிட்டது.

இவ்விடத்தில் வேறொரு கேள்வியும் எழக்கூடும். ஆண்டுக்கு முந்நூறு பேரைப் பற்றும் நோய்க்காக இத்துணை அறிவையும் பொருளையும் செலவிடுவது தகுமா? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு இலட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் ஏதேனும் ஒரு புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர்; வறிய நாடுகளில் முப்பதின்மர்கூடத் தேறுவதில்லை. தெரிந்த மருந்தே எட்டாமல் குழந்தைகள் மடியும்போது, தெரியாத மருந்தைத் தேடுவது யாருக்காக? இந்த எதிர்வாதம் வலிமையுடையது. இதனை ஒரு சொல்லால் புறந்தள்ளுவோர் வறிய நாட்டு மருத்துவமனையைக் காணாதவர்களே. ஆயினும் ஒரு கடமை நிறைவேறாதிருப்பது இன்னொரு கடமையை இல்லையென்று ஆக்கிவிடாது.

அரிய நோயை ஆராய்ந்தால் பொதுவான அறிவு கிடைக்கும் என்று விடை கூறுவோர் உண்டு. அது உண்மையே. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் அரிய புற்றுநோய் பற்றிய 48 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு, 1971ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் நட்சன் என்பார் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் உயிரணு புற்றாக மாறுவதற்கு இரண்டு அடிகள் விழ வேண்டும். முதல் அடியைப் பிறவியிலேயே பெற்று வரும் குழந்தைக்கு இன்னோர் அடியே போதும் என்பதே அது. புற்றைத் தடுத்து நிற்கும் மரபணுக்கள் மனித உடலில் உண்டு என்னும் பேருண்மைக்கு அதுவே வாயிலாயிற்று. பெரியவர்களைப் பற்றும் பல புற்றுநோய்களின் விளக்கமும் அங்கிருந்தே கிளைத்தது. ஆனால் இவ்விடையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. அரிய நோயுள்ள குழந்தை மற்றவர்க்குப் பயன்படுவதால்தான் மதிப்புடையது என்று அது சொல்லாமற் சொல்கிறது.

மனுநீதிச் சோழனின் வாயிலில் கட்டப்பட்டிருந்தது ஆராய்ச்சி மணி. அத்தொடரில் ஆராய்ச்சி என்பது முறையீட்டைக் கேட்டு உசாவுதலைக் குறித்தது. இன்று அதே சொல் ஆய்வுக்கூடத்துப் பணியைக் குறிக்கிறது. பசு அம்மணியை அசைத்தபோது, இறந்த கன்றுகள் எத்தனை என்று மன்னன் எண்ணவில்லை. கன்று ஒன்றே, அதற்கு ஈடாகக் கண்ட உயிரும் ஒன்றே. அக்கதையின் நீதி இன்றைய சட்டத்திற்கு ஒவ்வாது எனினும், முறையீட்டின் தகுதியை எண்ணிக்கை முடிவு செய்வதில்லை என்னும் அளவில் அது இன்றும் நிற்கிறது. அரிய நோய் பற்றிய முதற் கேள்விக்கு அவ்வளவு விடை போதும். கடினமானது இரண்டாவது கேள்விதான். தேடலாம், ஆனால் யாருடைய உடலில் தேடுவது?

இக்கேள்வி புதிதன்று. 1947ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூறியலாளர் சிட்னி ஃபார்பர் இதனை நேரில் எதிர்கொண்டார். அக்காலத்தில் குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோய் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைப் பறித்துவிடும். குருதி உற்பத்திக்கு உதவும் ஃபோலிக் அமிலம் நன்மை செய்யக்கூடும் என்று கருதி, அதனையொத்த பொருள்களை அவர் நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தணியவில்லை, விரைந்து பெருகியது. எந்த மருத்துவருக்கும் உறக்கத்தைக் கெடுக்கும் நிகழ்ச்சி அது. ஃபார்பர் அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். ஃபோலிக் அமிலம் நோயை வளர்க்குமாயின், அதனைத் தடுக்கும் பொருள் நோயைத் தளர்த்த வேண்டும் அன்றோ? அத்தகைய பொருள்களை ஆக்கித் தந்தது லெடர்லி ஆய்வுக்கூடம். அதன் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றவர். அவருடைய குழுவினர் அளித்த 'அமினோப்டெரின்' என்னும் மருந்தை ஃபார்பர் பயன்படுத்தினார். 1948 சூன் மாதத்தில் வெளிவந்த அறிக்கையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் பதின்மரிடம் முன்னேற்றம் காணப்பட்டது.

அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை, நோய் மீண்டும் வந்தது. குழந்தைகளை அமைதியாக இறக்க விட வேண்டும், மருந்தின் கொடுமையையும் சேர்த்து அவர்கள்மேல் சுமத்தலாகாது என்று அந்த மருத்துவமனையிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. எதிர்த்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்கள் கண்டது கண்முன் கிடந்த குழந்தையை. ஃபார்பர் கண்டது அக்குழந்தையோடு, இன்னும் பிறவாத குழந்தைகளையும். பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960களில் உருவாயிற்று. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் அம்மருந்துகளுள் ஒன்று. வீட்டு வேலியோரம் யாரும் நட்டுப் போற்றாமலே பூக்கும் அச்செடிக்கு இப்படியோர் ஆற்றல்! இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், அந்நோயின் பெரும்பான்மை வகைக்கு ஆளாகும் குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

இவ்வெற்றியைக் கொண்டு ஃபார்பர் செய்தது சரியே என்று முடிவு கட்டுவோர், ஒரு நுட்பத்தை மறந்துவிடுகின்றனர். வெற்றி பின்னால் வந்தது. 1947இல் அவருக்கு அது தெரியாது. பின்வந்த பயனைக் கொண்டு முன்செய்த செயலின் அறத்தை அளப்பதாயின், தோற்றுப் போன ஆய்வுகள் யாவும் குற்றங்களாகிவிடும். வென்ற கொடுமைகள் யாவும் நற்செயல்களாகிவிடும். ஃபார்பருக்கு நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. அவர் கொடுத்த ஒவ்வொரு மருந்தும் அந்தந்தக் குழந்தைக்கே உதவக்கூடும் என்ற நம்பிக்கையுடன் கொடுக்கப்பட்டது. நம்பிக்கை பொய்த்தது, ஆனால் குழந்தை வெறுங்கருவியாகக் கருதப்படவில்லை.

மூளைத்தண்டுக் கட்டியில் ஊசி செலுத்தும்போது அந்த நியாயமும் இல்லை. குழந்தைக்கு உதவும் என்று சொல்ல இயலாது. பிறர் பொருட்டே அது செய்யப்படுகிறது.

இதுபற்றி 1970களில் இரு கிறித்துவச் சிந்தனையாளரிடையே நிகழ்ந்த வாதம் இன்றும் கற்கத்தக்கது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ராம்சி 1970இல் வெளியிட்ட நூலில் கடுமையான நிலையை மேற்கொண்டார். குழந்தையால் ஒப்புதல் தர இயலாது. தன் நன்மைக்கன்றிப் பிறர் நன்மைக்காகக் குழந்தையின் உடலைத் தொடுவது, தீங்கு சிறிதும் இல்லையென்றாலும், முறைகேடே. பெற்றோர் குழந்தையின் நலங்காக்கும் காவலரே அன்றி அதன் உடலுக்கு உரிமையாளர் அல்லர். ஆதலின் அவர்களாலும் அவ்வொப்புதலைத் தர இயலாது என்பது அவர் வாதம். 1974இல் ஏசு சபைத் துறவியான ரிச்சர்டு மெக்கார்மிக் இதனை மறுத்தார். மற்ற குழந்தைகளின் உயிரும் நலமும் நன்மைகளே. தனக்குப் பெருந்தீங்கு இல்லாதவிடத்து அந்நன்மைகளுக்குத் துணை நிற்பது ஒவ்வொரு மனிதரின் கடமை. குழந்தை பேசக் கூடுமாயின் அதனை ஏற்கவே வேண்டும். ஆகவே குழந்தை ஏற்க வேண்டியதைக் குழந்தைக்காகப் பெற்றோர் ஏற்கலாம் என்றார் அவர்.

ராம்சியின் அச்சம் வெறுங்கற்பனையன்று. நியூயார்க் மாநிலத்தில் வில்லோபுரூக் என்னும் இடத்தில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான அரசு நிலையம் ஒன்று இருந்தது. 1950களின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள், அங்கிருந்த குழந்தைகள் சிலருக்குக் கல்லீரல் அழற்சிக் கிருமி வேண்டுமென்றே கொடுக்கப்பட்டு ஆய்வு நடந்தது. எப்படியும் அவர்களுக்கு அந்நோய் அந்நிலையத்தில் வரத்தான் போகிறது என்பது ஆய்வாளரின் சமாதானம். பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர். நிலையத்தில் இடமில்லை என்று புதியவர்களைத் திருப்பி அனுப்பிய காலத்திலும் ஆய்வுப் பகுதியில் மட்டும் இடம் இருந்தது. வேறு போக்கிடமில்லாத தாய் இட்ட கையொப்பத்தை ஒப்புதல் என்று அழைப்பது சொல்லைக் கெடுப்பதாகும்.

தமிழ் மரபில் இக்கேள்வி இரு கதைகளாக நிற்கிறது. புறாவைக் காக்கத் தன் தசையை அறுத்துத் தராசில் இட்டான் சிபி. அதனைக் கேட்ட எந்தக் குழந்தையும் வகுப்பில் முகம் சுளிப்பதில்லை. வியப்பால் கண் விரிகிறது. அடியவருக்கு அமுது படைக்கச் சிறுத்தொண்டர் தம் மகன் சீராளனை அரிந்தார். அதனைச் சொல்லும் ஆசிரியரின் குரல் தாழ்கிறது. கேட்கும் பிள்ளைகளின் முகம் மாறுகிறது. பெரியபுராணத்தைப் பக்தியோடு ஓதுவோரும் அவ்விடத்தில் சற்றே தயங்கி, இறுதியில் பிள்ளை உயிரோடு ஓடி வந்தான் என்பதை விரைந்து சொல்லிவிடுவர். வேறுபாடு எங்கே இருக்கிறது? சிபி கொடுத்தது தன் தசை. சிறுத்தொண்டர் கொடுத்தது இன்னோர் உயிரின் உடல். பிள்ளை மகிழ்ச்சியோடு சிரித்தான் என்று புராணம் கூறுவது, அதைப் பாடியவருக்கும் இவ்வுறுத்தல் இருந்ததையே காட்டுகிறது. பிள்ளையின் ஒப்புதல் எப்படியேனும் வேண்டியிருக்கிறது. மருத்துவமனையிலோ இறுதிக் காட்சியில் பிள்ளையைத் திருப்பித் தர எவரும் வருவதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றைச் சில பெற்றோர் திறந்தனர். குழந்தை இறந்த பின்னர் அதன் மூளைக்கட்டியை ஆய்வுக்கு அளித்தனர். உயிரோடிருக்கும் குழந்தைக்கு வலியில்லை. உடலைக் கருவியாக்கினோம் என்ற உறுத்தலும் பெரிதும் குறைகிறது. 2011ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவ்வாறு பெற்ற திசுவிலிருந்து இக்கட்டியின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினர். அதுவரை எலியிலோ கண்ணாடிக் குடுவையிலோ ஆராய்வதற்குக்கூட உயிருள்ள அணுக்கள் கிடைத்ததில்லை. ஆயினும் இவ்வழியும் துன்பமற்றதன்று. உயிர் பிரிந்த சில மணி நேரத்திற்குள் திசுவை எடுத்தாக வேண்டும். ஆதலால் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருக்கையிலேயே பெற்றோரிடம் அதுபற்றிப் பேச வேண்டும். அச்சொற்களைச் சொல்ல எந்த மருத்துவருக்கு நா எழும்? கேளாமலே விட்டுவிடுவதும் உண்டு. கேட்டிருந்தால் தந்திருப்போமே என்று பின்னர் வருந்தும் பெற்றோரும் உண்டு.

இதற்கிடையில் பாரிஸ் நகர நெக்கர் மருத்துவமனை அறுவை மருத்துவர்கள் ஊசியை மீண்டும் கையிலெடுத்தனர். கணிப்பொறியின் துணையால் ஊசி செல்லும் தடத்தை நுட்பமாக வரையறுக்கும் முறை அப்போது வளர்ந்திருந்தது. 24 குழந்தைகளிடம் அவ்வாறு துணுக்கு எடுத்ததை அவர்கள் 2007இல் வெளியிட்டனர். உயிரிழப்பு நேரவில்லை, நேர்ந்த குறைபாடுகளும் தற்காலிகமானவையே. 1993இல் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அதாவது ஊசியின் ஆபத்து, இதனால் மெலிந்தது. மற்றொரு காரணம், அதாவது குழந்தைக்குப் பயனின்மை, அப்படியே நின்றது.

ஐந்தாண்டுகளில் விளைவு தெரிந்தது. பெற்றோர் அளித்த திசுக்களையும் ஊசியால் பெற்ற துணுக்குகளையும் கொண்டு, 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கட்டியின் மரபணுவைப் படித்தறிந்தனர். மரபிழை சுற்றிக் கிடக்கும் 'ஹிஸ்டோன்' என்னும் புரதத்தில், இருபத்தேழாம் இடத்து லைசின் மெத்தியோனினாக மாறியிருந்தது. இக்கட்டியுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் காணப்படுகிறது. பெரியவர்களின் மூளைக்கட்டிகளிலோ இது மிக அரிது. எனவே பெரியவர்களுக்கான மருந்துகள் தோற்றதில் வியப்பில்லை. குழந்தை என்பது சிறிய அளவிலான பெரியவர் அன்று என்று 1762இல் 'எமீல்' எழுதிய ரூசோ காலத்திலிருந்து கல்வியாளர் ஓயாமல் சொல்லி வருகின்றனர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் பாடமே அதுதான். உயிரணுவும் அதனையே சொல்கிறது என்பதை மருத்துவம் அறிந்துகொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின.

அதன்பின் ஊசிக்கு வேறொரு நியாயம் தேடப்பட்டது. 2014இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'பயோமீட்' என்னும் ஆய்வில், துணுக்கை எடுத்து ஆராய்ந்து, அதற்கேற்ப மூன்று மருந்துகளுள் எது தக்கது என்பது பார்க்கப்பட்டது. ஊசி செலுத்தப்படும் குழந்தைக்கே பயன் உண்டாகலாம் என்னும் இழை, மெல்லியதேயாயினும், மீண்டும் கட்டப்பட்டது. முடிவில் அம்மருந்துகளிடையே ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இங்குதான் அறவுணர்வுக்குச் சோதனை வருகிறது. அவ்விழை உண்மையான நம்பிக்கையா, அன்றி ஆய்வாளர் தம் மனச்சான்றை ஆற்றிக்கொள்ளக் கண்ட சாக்கா? நம்பிக்கை என்பதே தகும். ஏனெனில் மருந்து வேலை செய்யாது என்று அவர்கள் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. ஆனால் அந்நம்பிக்கையின் அளவைப் பெற்றோரிடம் உள்ளவாறே சொன்னால்தான் அது நம்பிக்கை. கூட்டிச் சொன்னால் அதுவே வஞ்சகம். 'ஒருவேளை உதவலாம்' என்னும் சொற்கள் மருத்துவரின் வாயிலிருந்து புறப்படும்போது ஓர் எடையுடனும், தாயின் காதில் விழும்போது வேறோர் எடையுடனும் இருக்கின்றன. அவ்விரு எடைகளையும் சமமாக்குவது மருத்துவரின் கடமை; பெற்றோரின் கடமையன்று.

அமெரிக்கா 1983இல் வகுத்த விதிகள் ராம்சிக்கும் மெக்கார்மிக்குக்கும் இடையே ஒரு கோட்டை இழுத்தன. குழந்தைக்கு நேரடிப் பயனில்லாத ஆய்வாயினும், அதன் தீங்கு அன்றாட வாழ்வின் தீங்கைவிடச் சிறிதளவே மிகுந்து, அக்குழந்தையின் நோயைப் பற்றிய இன்றியமையாத அறிவைத் தருமாயின் நடத்தலாம் என்றன. பெற்றோரின் அனுமதியோடு, இயன்ற வயதுக் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்றன. சிறிதளவு என்பது எவ்வளவு? மூளைத்தண்டில் இறங்கும் ஊசியைச் சிறிதளவு என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? விதி அக்கேள்வியை ஒவ்வொரு மருத்துவமனையின் அறநெறிக் குழுவுக்கும் தள்ளிவிடுகிறது. விதிகள் செய்யக்கூடியது அவ்வளவே.

குழந்தையின் இசைவு என்பது பற்றி ஆசிரியத் தொழிலில் உள்ளோர் சற்று ஐயத்துடனேயே நோக்குவர். நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில், பாடத்தை முடித்துப் 'புரிந்ததா?' என்று கேட்டால், 'புரிந்தது ஐயா' என்று நாற்பது குரலும் ஒன்றாய் எழும். புரியாத பிள்ளையின் குரலே சில வேளைகளில் உரக்கக் கேட்கும். பெரியவர்களை மகிழ்விக்க விரும்புவது குழந்தையின் இயல்பு. நோயுற்ற குழந்தைக்கு அவ்விருப்பம் இன்னும் மிகுதி. தாயின் கண்ணீருக்குத் தானே காரணம் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே குழந்தையின் 'ஆம்' என்பதை மெதுவாகவே நம்ப வேண்டும். அதன் 'வேண்டாம்' என்பதையோ உடனே நம்ப வேண்டும். தன் சிகிச்சைக்கு உண்மையில் தேவையான ஊசியாயின் அழும் குழந்தையையும் பிடித்துப் போடுவது பெற்றோர் கடன். பிறர் பொருட்டு எடுக்கும் துணுக்காயின், குழந்தையின் ஒரு தலையசைப்பே கதவை மூடிவிடப் போதுமானது.

ஆய்வு என்றாலே மேலும் மேலும் மருந்தைத் திணிப்பது என்னும் எண்ணம் பலருக்குண்டு. அது தவறு. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகள் ஒன்றுகூடி, 'மா-ஸ்போர்' என்னும் பெயரில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கென ஓர் ஆய்வை நடத்தின. ஒரு நாட்டில் மட்டும் கிடைக்கும் எண்ணிக்கை ஆய்வுக்குப் போதாமையால் இரு நாடுகளும் கைகோத்தன. தொடக்க மருந்துக்குப் பின் உடலில் எஞ்சியிருக்கும் புற்றணுக்களை நுண்ணிதாய் அளந்து, மிகச் சிலவே எஞ்சிய குழந்தைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தனர். குறைத்தும் பிழைப்பு விழுக்காடு சரியவில்லை என்பதை 2012இல் வெளியான முடிவுகள் காட்டின. குறைத்துக் கொடுத்துப் பார்ப்பதும் சோதனையே, அதிலும் ஆபத்துண்டு. குறைத்ததனால் நோய் மீண்டிருந்தால் அப்பழியை யார் ஏற்பது? அக்குழந்தைகளின் பெற்றோர் இட்ட கையொப்பத்தில் வீரம் வெளியே தெரியாது. பழைய அளவு மருந்தையே கேட்டிருந்தால் எவரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ராம்சி தம் வாதத்தைக் கைவிடவில்லை. ஆனால் 1976இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய ஆய்வு தவிர்க்க முடியாதது என்றே ஓர் ஆய்வாளர் கருதுவாராயின், அதனைச் சரி என்று சொல்லிக்கொள்ளாமல், ஒரு தவற்றின் சுமையை ஏற்பதாக உணர்ந்தே செய்ய வேண்டும் என்னும் பொருள்பட எழுதினார். அறநூல் வல்லார் சிலருக்கு இது நகைப்புக்குரியதாய்ப் பட்டது. தவறு எனின் செய்யலாகாது, செய்யலாம் எனின் தவறன்று என்பது அவர்களின் கணக்கு. தருக்கத்தில் அவர்கள் வெல்லக்கூடும். ஆனால் அறுவைக் கூடத்தில் நிற்பவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்று கேட்டால், எல்லாம் சரியே என்று அமைதியோடு ஊசியை எடுப்பவரைவிட, ராம்சி சொன்ன சுமையோடு எடுப்பவரிடமே குழந்தையை ஒப்படைக்கத் தோன்றும். அச்சுமை கையை நடுங்கச் செய்யாது. தேவையற்ற இரண்டாம் துணுக்கை எடுக்கவிடாது.

2025 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இந்த ஹிஸ்டோன் மாற்றமுடைய மூளைக்கட்டி சிகிச்சைக்குப் பின்னும் வளர்ந்தவர்களுக்கென 'டோர்டாவிப்ரோன்' என்னும் மருந்துக்கு விரைவு ஒப்புதல் அளித்தது. ஒரு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் அதனைப் பெறலாம். ஆராயப்பட்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே கட்டி சுருங்கியது. நோய் தீர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் அம்மருந்தைப் பெறுவதற்கு அந்த மாற்றம் இருப்பதைக் காட்டியாக வேண்டும். அதற்குத் திசு வேண்டும். பிறர் பொருட்டுச் செலுத்தப்பட்ட ஊசி, செலுத்தப்படும் குழந்தைக்கே தேவையானதாக மெல்ல மாறி வருகிறது. இம்மாற்றத்தை முன்னரே கண்ட குழந்தைகள் எவரும் இல்லை. தம் துணுக்கால் என்ன விளைந்தது என்பதை அறியாமலே அவர்கள் போய்விட்டனர்.

கேரனின் வயதுக் குழந்தை இன்று இக்கட்டியோடு வருமாயின், அதன் இசைவைக் கேட்க வழியில்லை. அது அறைக்கு வெளியே தாதியின் மடியில் அமர்ந்திருக்கும். உள்ளே அறுவை மருத்துவர், தந்தை, தாய், மேசைமேல் சில தாள்கள். இச்செயலால் உங்கள் குழந்தைக்கு நேரடிப் பயன் கிட்டாமற் போகலாம் என்னும் வரி அத்தாள்களில் எங்கேனும் இருக்கும். நல்ல மருத்துவராயின் அவ்வரியைத் தாமே வாய்விட்டுப் படித்து, அதன்பின் சிறிது நேரம் பேசாதிருப்பார். தந்தை ஊசியின் தடிமன் எவ்வளவு என்று கேட்பார். தாய், தலைமுடி முழுவதையும் மழித்துவிடுவீர்களா என்று கேட்பாள்.